‘பரவாயில்லை’ என்பது எத்தனை நாள் கணக்கு?

நாள்பட்ட குடல்நோய் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருப்பது அரை நாள், மருத்துவரின் எதிரே உட்காருவது ஐந்து நிமிடம். “எப்படி இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோஷன் போறீங்க?” என்று கேள்வி வரும். “பரவாயில்லை டாக்டர்” என்று பதில் போகும். நூற்றெண்பது நாட்களின் வயிற்றுவலி, நடுராத்திரியில் எழுந்து ஓடியது, இரண்டு வாரம் இரத்தம் தெரிந்து பிறகு தானாக நின்றது, கல்யாண வீட்டில் சாப்பிடாமல் திரும்பியது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா, ஊசிமருந்துக்கு மாறுவதா என்பதும் பெருமளவு அந்தச் சொல்லை வைத்தே முடிவாகிறது. தொலைமருத்துவம் என்ற பேச்செடுத்தால் செல்போன் திரையில் தெரியும் மருத்துவரின் முகமும், மிச்சமாகும் பஸ் கட்டணமும்தான் நம் நினைவுக்கு வரும். அவையும் நன்மைகளே. ஆனால் குடல்நோயில் தொலைமருத்துவத்துக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. அறிகுறியை அது தோன்றும் நாளிலேயே பதிவு செய்வதும், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளை நாட்காட்டி தீர்மானிக்காமல் நோயே தீர்மானிக்கும்படி செய்வதும்தான் அது. அந்த வேலையை அது செய்கிறதா, எந்த நிபந்தனைகளின் கீழ் செய்கிறது என்று பார்க்கலாம்.

குடல்நோய்கள் பல. இந்தக் கட்டுரை முக்கியமாக ஐ.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடல் அழற்சி நோயைப் பற்றியது. பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அதில் ஒரு வகை. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வந்து, குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கக்கூடிய கிரோன் நோய் இன்னொரு வகை. இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குகிறது. இரண்டும் இளம் வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியவை. இது மேலைநாட்டார் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதைக் காட்டி அந்த எண்ணத்தை அசைத்தது. தொலைக்கண்காணிப்பைப் பொறுத்தவரை இந்த நோயில் கவனிக்க வேண்டியது அதன் போக்கு. சர்க்கரை நோயைப் போல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடாமல், மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்து திடீரென்று தலைதூக்கும், மறுபடி அடங்கும். ஒவ்வொரு எழுச்சியிலும் குடலுக்குக் கொஞ்சம் நிரந்தரச் சேதம் நேரலாம். கிரோன் நோயில் அந்தச் சேதம் குடல் சுருங்கி அடைத்துக்கொள்வதிலும் அறுவைசிகிச்சையிலும் போய் முடியலாம். இப்படி ஏறி இறங்கும் நோயை முன்கூட்டிக் குறித்த தேதியில் பார்ப்பது, மழை பெய்கிறதா என்று மாதம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து பார்ப்பதைப் போன்றது. திறக்கும் நாளில் பெரும்பாலும் வெயிலடிக்கும்.

மழை பெய்த நாட்களை நோயாளியே சொல்லிவிட முடியாதா? சொல்லலாம், ஆனால் நினைவு கணக்குப்பிள்ளை அல்ல. இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று குடல் மருத்துவத்திலிருந்தே வந்தது. கனடாவின் டொரோன்டோவில் டொனால்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது. அதில், பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியைச் செய்துகொண்ட 154 பேர், பரிசோதனை நடக்கும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை தம் வலிக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். சிலருக்கு அது நான்கு நிமிடத்தில் முடிந்தது, ஒருவருக்கு 67 நிமிடம் நீண்டது. மொத்தமாக எவ்வளவு வலித்தது என்று பிறகு கேட்டபோது, வலித்த நேரத்தின் நீளம் பதிலை அநேகமாகப் பாதிக்கவே இல்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, கடைசிச் சில நிமிடங்களில் எவ்வளவு வலித்தது என்ற இரண்டும்தான் நினைவில் நின்றிருந்தன. அன்றே நடந்த ஒரு மணிநேரப் பரிசோதனையை நினைவு இப்படிச் சுருக்குகிறது என்றால், ஆறு மாதத்தை என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். போன வாரம் நன்றாக இருந்தவருக்கு அரை ஆண்டும் நன்றாக இருந்ததாகவே படும். மருத்துவரிடம் அவர் பொய் சொல்லவில்லை. மனித நினைவு கணக்கு வைக்கும் விதமே அப்படி.

அப்படியானால் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னால் போதாதா, இதற்கு எதற்குச் செயலி என்று கேட்பது நியாயம். மருத்துவம் இதை எப்போதோ முயன்றுவிட்டது. கிரோன் நோயின் தீவிரத்தை அளக்க 1976இல் உருவான குறியீட்டெண்ணே ஏழு நாள் நாட்குறிப்பைக் கேட்கிறது. சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. ஆர்தர் ஸ்டோன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நாள்பட்ட வலியுள்ளவர்களிடம் நாளுக்கு மூன்று முறை நிரப்ப வேண்டிய குறிப்பேட்டைக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பு எப்போது திறக்கப்படுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒளியுணரியை அதற்குள் மறைத்து வைத்திருந்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: குறித்த வேளையில் எழுதியதாக நோயாளிகள் காட்டிய கணக்கு 90 சதவீதம், உண்மையில் அந்த வேளையில் எழுதியது 11 சதவீதம். சுமார் மூன்றில் ஒரு பங்கு நாட்களில் கோப்பு திறக்கப்படவே இல்லை, ஆனால் அந்த நாட்களுக்கும் பக்கங்கள் நிரம்பியிருந்தன. பரீட்சைக்கு முந்தின இரவு ரெக்கார்டு நோட்டை முழுக்க எழுதி முடித்த அனுபவமுள்ள யாரும் இதற்கு வியக்க மாட்டார்கள். நேரமுத்திரை பதியும் மின்னணுக் கருவியைப் பெற்ற மறுபாதியினர் 94 சதவீதம் ஒழுங்காகப் பதிந்தார்கள். செல்போன் செயலியின் முதல் மதிப்பு இவ்வளவு எளிமையானது: அது வேளை பார்த்துக் கேட்கிறது, பின்தேதியிட்டு எழுத இடம் கொடுப்பதில்லை.

பதிவு சரியாக இருந்தால் மட்டும் குடல் ஆறிவிடாது. அந்தப் பதிவைக் கொண்டு ஏதாவது சீக்கிரம் நடக்க வேண்டும். இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் கணினியும் இல்லை, இணையமும் இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 203 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் ஒவ்வொருவருக்கும், நோய் தலைதூக்கினால் எந்த மருந்தை எவ்வளவு தொடங்குவது என்று அவரோடு பேசி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமான தேதிகளை ரத்து செய்து, தேவைப்படும்போது வரச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. 2001இல் வெளியான முடிவின்படி, நோய் மீண்டும் எழுந்தபோது முதல் குழுவினர் சராசரியாக 15 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள், மற்றவர்களுக்கு 50 மணி நேரம் ஆனது. அதே யோசனையை 19 மருத்துவமனைகளில் 700 பேரிடம் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், ஒருவர் ஆண்டில் மருத்துவமனைக்கு வந்தது சராசரியாக 3 முறையிலிருந்து 1.9 ஆகக் குறைந்தது. அதற்காக அவர்கள் உள்ளூர் மருத்துவர்களிடம் கூடுதலாகப் போய் நிற்கவும் இல்லை. ஒரு காகிதத் திட்டமும் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே சாதித்தவை இவை. செயலிகளை விற்பவர்கள் இந்த ஆய்வுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது தற்செயலாக இருக்கலாம்.

இணையம் இதற்குமேல் என்ன சேர்த்தது என்பதற்கு டென்மார்க்கில் பதில் கிடைக்கிறது. பியா முங்க்ஹோல்ம் தலைமையிலான குழு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு ஒரு வலைத்தளத்தை அமைத்துக் கொடுத்தது. நோயாளி அறிகுறிகளைப் பதிந்தால் போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். நிறம் மாறினால், தாமே மருந்தளவைக் கூட்டிக்கொள்ள அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், நோய் எழுந்து அடங்குவதற்கு வலைத்தளக் குழுவில் இடைநிலை அளவாக 18 நாட்களும், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 77 நாட்களும் ஆயின. தொலைக்கண்காணிப்பைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு எண்ணைக் கேட்டால் இந்த 18ஐத்தான் சொல்வேன். ஐம்பத்தொன்பது நாட்கள் என்பது ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தேர்வு, கூலி வேலை செய்பவருக்கு இரண்டு மாத வருமானம். நெதர்லாந்தில் இன்னும் பெரிய அளவில் முயன்றார்கள். மாஸ்ட்ரிக்ட் நகரை மையமாகக் கொண்டு நான்கு மருத்துவமனைகளில் கிரோன் நோயோ கொலைட்டிஸோ உள்ள 909 பேர் ஓராண்டு கவனிக்கப்பட்டார்கள். செயலி மாதம் ஒருமுறை கேள்விகள் கேட்கும், நோய் எழுந்திருந்தால் வாரம் ஒருமுறை. 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு: புறநோயாளி வருகை வழக்கமான சிகிச்சைக் குழுவில் ஒருவருக்கு 2.34 ஆக இருந்தது, செயலிக் குழுவில் 1.55. மருத்துவமனையில் படுக்கையில் சேர்க்கப்படுவது 0.10லிருந்து 0.05, அதாவது பாதி. நோயாளிகள் தமக்குக் கிடைத்த கவனிப்புக்குக் கொடுத்த மதிப்பெண் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றே. மருத்துவரை நேரில் பார்ப்பது குறைந்தும் கைவிடப்பட்டதாக அவர்கள் உணரவில்லை.

இத்தோடு நிறுத்தினால் இது விளம்பரமாகிவிடும். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தலைமையில் மூன்று மையங்களில் 348 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அங்கே குறுஞ்செய்தி மூலம் ஒரு குழுவிடம் வாரந்தோறும், இன்னொன்றிடம் இரு வாரத்துக்கு ஒருமுறை அறிகுறிகள் கேட்கப்பட்டன; மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. ஓராண்டு முடிவில் நோயின் தீவிரத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது, ஆனால் தொலைபேசி அழைப்புகளும் மின்னணுத் தொடர்புகளும் கூடின. ஒரே யோசனை டென்மார்க்கில் வேலை செய்து அமெரிக்காவில் ஏன் சுணங்கியது? என் கணிப்பில் இரண்டு காரணங்கள். அந்த மூன்று மையங்களும் சிறப்பு மையங்கள். அங்கே ‘வழக்கமான சிகிச்சை’யே உயர்தரமானது, ஒப்பீட்டுக் குழுவினரும் தேறினார்கள். நல்ல சாலையில் புது டயரின் அருமை தெரியாது. அதைவிட முக்கியமான காரணம், டென்மார்க்கில் தகவலைப் பதிந்தவரிடமே மருந்தைக் கூட்டும் அதிகாரமும் இருந்தது என்பது. அமெரிக்காவில் தகவல் மேலே போனது, செவிலியர் பார்த்தார், அழைத்தார், திட்டத்தை மாற்றினார். தகவலுக்கும் செயலுக்கும் இடையே எத்தனை பேர் நிற்கிறார்களோ அந்த அளவுக்குப் பயன் கரைகிறது. அந்த ஆய்விலிருந்து கற்கக்கூடிய இன்னொன்று, வாரம் ஒருமுறை கேட்டதும் இரு வாரத்துக்கு ஒருமுறை கேட்டதும் ஒரே பலனைத் தந்தன என்பது. அடிக்கடி கேட்டால் அதிகம் தெரியும் என்பதில்லை.

இனி, உண்மையிலேயே கனமான ஆட்சேபம். அறிகுறியை எவ்வளவு ஒழுங்காகப் பதிந்தாலும், அறிகுறியே நோயைச் சரியாகக் காட்டுவதில்லை என்றால்? குடலில் இது இருபக்கமும் வெட்டும் பிரச்சினை. கிரோன் நோயில், தொல்லை ஏதும் இல்லாமல் நடமாடுபவரின் குடலுக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்தால் புண்கள் பழுத்துக் கிடப்பதுண்டு. மறுபக்கம், அழற்சி நன்றாக அடங்கிய நோயாளிகளில்கூட ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வயிற்றுவலியும் பேதியும் தொடர்கின்றன, அவை ஐ.பி.எஸ். எனப்படும், குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் உண்டாகும் கோளாற்றின் அறிகுறிகளைப் போன்றவை. முதல் நோயாளிக்குச் செயலி பச்சை விளக்கைக் காட்டி அமைதிப்படுத்தும். இரண்டாம் நோயாளிக்குச் சிவப்பைக் காட்டி, தேவையே இல்லாத எதிர்ப்பாற்றல் தடுப்பு மருந்தை ஏற்றச் சொல்லும். இந்த ஆட்சேபத்துக்கு மழுப்பலான பதில் உதவாது. அறிகுறியை மட்டும் நம்பும் தொலைக்கண்காணிப்பு அரைவேக்காடு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக, மீதிப் பாதியையும் வீட்டிலிருந்தே தர முடியும். அது மலத்தில் இருக்கிறது.

நார்வே நாட்டு மாக்னே ஃபாகர்ஹோல் 1980இல் வெள்ளணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். கால்புரோடெக்டின் என்ற பெயர் அதற்குப் பின்னர் அமைந்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் உட்திரவத்திலுள்ள புரதத்தில் ஏறத்தாழ பாதி இதுதான். துத்தநாகம், மாங்கனீசு போன்ற உலோகங்களைப் பற்றிக்கொண்டு, கிருமிகளுக்கு அவை கிடைக்காமல் பட்டினி போடுவது இதன் வேலை. குடற்சுவர் அழற்சியடையும்போது நியூட்ரோஃபில்கள் படைபடையாகச் சுவரைத் தாண்டிக் குடலின் உள்ளே விழுகின்றன, கால்புரோடெக்டினும் மலத்தோடு வெளியேறுகிறது. குடற்பாக்டீரியாவின் நொதிகளால் இதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. அதனால் அறை வெப்பத்தில் சில நாட்கள்வரை மாதிரி கெடாமல் நிற்கிறது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; 250ஐத் தாண்டினால் குடல் கனன்றுகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இடையில் இருப்பது குழப்பமான பகுதி, திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அறிகுறி தோன்றுவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்னதாகவே இந்த அளவு ஏறத் தொடங்குவதுண்டு. வலியே வராத நோயாளிக்கு அதுதான் முதல் எச்சரிக்கை.

இப்படி எண்ணையும் அறிகுறியையும் சேர்த்துப் பார்ப்பதால் குடல் உண்மையிலேயே ஆறுகிறதா என்பதை, கிரோன் நோயாளிகள் 244 பேரிடம் பல நாடுகளில் நடந்த காம் ஆய்வு சோதித்தது. ஒரு பாதியினருக்கு அறிகுறியை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டினார்கள். மறுபாதியினருக்கு அறிகுறியோடு கால்புரோடெக்டினையும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் பார்த்துக் கூட்டினார்கள். இரு பக்கமும் அதே மருந்துகள்தாம். நாற்பத்தெட்டு வாரம் கழித்துக் கருவி விட்டுப் பார்த்தபோது, முதல் பாதியில் 30 சதவீதத்தினருக்குக் குடற்புண் ஆறியிருந்தது, இரண்டாம் பாதியில் 46 சதவீதத்தினருக்கு. புது மருந்து எதுவும் இல்லாமல், பார்க்கும் முறையை மாற்றியதாலேயே கிடைத்த வித்தியாசம் இது. கால்புரோடெக்டினை வீட்டிலேயே அளக்கும் பெட்டிகள் ஐரோப்பாவில் புழக்கத்தில் உள்ளன: மாதிரியை ஒரு குழலில் கரைத்துப் பட்டையில் சொட்டு விட்டு, செல்போன் கேமராவைக் காட்டினால் எண் வரும். ஆனால் காலையில் எழுந்து தன் மலத்தைக் குச்சியால் கிள்ளி எடுப்பதை எல்லோரும் மாதந்தோறும் செய்துவிட மாட்டார்கள். அந்த எண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. சாதாரண வயிற்றுத் தொற்றிலும், மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலிநிவாரணி மாத்திரைகளாலும் கால்புரோடெக்டின் ஏறும். தண்ணீரிலும் தெருக்கடையிலும் தொற்று காத்திருக்கும் ஊரில் ஒற்றை எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவது தவறாகப் போகலாம். குடற்காசநோயும் இதே எண்ணைக் காட்டும்; கிரோன் நோயையும் குடற்காசநோயையும் பிரித்தறிவது இந்திய மருத்துவர்களுக்கு அன்றாடத் தலைவலி. இரண்டாவதற்கு முதலாவதன் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. ஆகவே நோயை முதலில் உறுதி செய்வது தொலைபேசிக்கு அப்பாற்பட்ட வேலை. உறுதியான பின் பின்தொடர்வதுதான் அதன் எல்லை.

இதே எல்லை இன்னொரு ஆட்சேபத்துக்கும் பதிலாகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் வயிற்றுநோய்க்கு மருத்துவமா என்று மூத்த மருத்துவர்கள் கேட்கிறார்கள். நோய் அடங்கியிருப்பவரின் வயிற்றை அழுத்திப் பார்ப்பதால் கிடைக்கும் புதுத் தகவல் சொற்பம். நிலைமை மோசமாக இருக்கும்போது அந்தக் கைதான் உயிரைக் காக்கும். எனவே எப்போது போனை வைத்துவிட்டு வண்டி ஏறவேண்டும் என்பது தெளிவாக இருந்தாக வேண்டும். இதற்கான அளவுகோலை ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1955லேயே தந்துவிட்டார்கள்: நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போவது, அதோடு காய்ச்சல், நாடித்துடிப்பு 90க்கு மேல், இரத்தசோகை. இவற்றில் முதல் மூன்றையும் ஒரு தெர்மாமீட்டரும் கடிகாரமும் இருந்தால் வீட்டிலேயே எண்ணிவிடலாம். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாமல் நிற்பது கிரோன் நோயில் அடைப்பின் அடையாளம். இந்த விதிகளைச் செயலியில் எழுதிவைப்பது கடினமல்ல. பச்சை விளக்கு எரியும்போது இவற்றைப் படித்திருப்பவர்தான் சிவப்பில் பதறாமல் கிளம்புவார்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. தினமும் கழிப்பறைக் கணக்கு எழுதினால் மனிதன் நோயாளியாகவே வாழ்ந்துவிட மாட்டானா? பதற்றம் குடலின் அசைவையும் உணர்திறனையும் கூட்டும் என்பதால் இது வெறும் மனக்கவலைப் பேச்சல்ல, ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு எண்ணுவதே நோயை வளர்க்கக்கூடும். நெதர்லாந்துக்காரர்கள் மாதம் ஒருமுறை கேட்டே பலன் பெற்றார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். நோய் அடங்கியிருக்கையில் கேள்விகள் அரிதாகவும், எழும்போது நெருக்கமாகவும் வரவேண்டும். தொழில்நுட்ப ஆர்வலர்களின் ஆசை நேர்மாறானது. ஸ்டான்ஃபோர்டில் 2020இல் ஒரு குழு, மலத்தைப் படமெடுத்து வகைப்படுத்துவதோடு ஆசனவாயின் ரேகையைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் கழிப்பறையை வடிவமைத்தது. அவர்களில் ஒருவருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசும் 2023இல் கிடைத்தது. சிரித்து முடித்த பின் யோசித்தால், நோயாளி எதையும் எழுதாமல் அளப்பது என்ற அந்த எண்ணத்தில் அர்த்தம் இருப்பது தெரியும். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் ஆய்வாளர்கள் கைக்கடிகாரக் கருவிகளில் பதிவாகும் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு, நோயெழுச்சிக்கு ஏழு வாரம் முன்பே மாற்றம் தெரிவதாக 2025இல் வெளியிட்டார்கள். சுமார் முந்நூறு பேரிடம் கண்டது அது, பெரிய சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். ஆயினும் கேள்வி கேட்காமலே கண்காணிக்கும் திசை சரியானதாகவே எனக்குப் படுகிறது.

நன்றாக இருப்பவர் மருத்துவமனைப் பக்கமே வராமல் போவது, வெற்றிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஆபத்து. எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதையோபிரின் மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு வெள்ளணுக்கள் சத்தமில்லாமல் குறையலாம். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் அதிகம். இரத்தப் பரிசோதனையைத் தவறவிட்டால் செயலிக்கு அது தெரியாது. பெருங்குடல் அழற்சி தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனபின் புற்றுநோய்க்காகக் குறித்த இடைவெளிகளில் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆக, நாட்காட்டியை முற்றிலும் தூக்கி எறிவதற்கில்லை. அறிகுறி கேட்கும் வேலையிலிருந்து அதை விடுவித்து, இந்த மாதிரித் தேதிகளை நினைவூட்டும் வேலைக்கு மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் 2020 மார்ச் 25 அன்று, கொரோனாவுக்காக நாடு பூட்டப்பட்ட முதல் நாளில் வெளியாயின. மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2023 பிப்ரவரிக்குள் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் இதன் அச்சு, உடம்பு சரியில்லாதவர் அழைப்பதும் மருத்துவர் பதில் சொல்வதும். தொலைவில் நடக்கும் ஒரு ஓ.பி.தான் இது. அழைக்க வேண்டும் என்று நோயாளிக்குத் தோன்றினால்தான் அது தொடங்கும். குடல்நோயாளிக்கு வேண்டியது அவரை முன்பே அறிந்த ஒரு குழு, அவர் அழைக்காதபோதும் கேட்பது. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் அந்த இடத்தில் குடல் அழற்சிக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறார். இங்கே அப்படியொரு பணியிடத்தை உருவாக்குவது செயலி எழுதுவதைவிடச் செலவும் பிடிக்கும், காலமும் பிடிக்கும். ஒரே போனை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தும் இடத்தில், “இன்று எத்தனை முறை இரத்தத்தோடு போனது?” என்ற செய்தி மருமகளின் போனில் வந்து மாமியார் கண்ணில் படுவதையும் யோசிக்க வேண்டும். கேள்வி பூட்டுக்குள் வரவேண்டும், அல்லது குரல் அழைப்பாக, அவர் தேர்ந்தெடுத்த நேரத்தில் வரவேண்டும்.

செவிலியரும் ஸ்மார்ட்போனும் குறைவாக உள்ள இடங்களில் தொடங்குவதற்கு, மான்செஸ்டரின் காகிதத் திட்டமும் நார்வேக்காரரின் புரதமும் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை மாத்திரையும் ஏந்தி வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறார். அதே கைப்பையில், ஏற்கெனவே நோய் உறுதி செய்யப்பட்டவர்களுக்காக, மூடி இறுகிய ஒரு சின்னக் குப்பியும் போகலாம். மாதிரி சில நாட்கள் கெடாது என்று ஐரோப்பிய அறைகளில் கண்டதை நம் மே மாத வெயிலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குப்பி மாவட்ட ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் போய்ச் சேரும். எண் 250ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் அங்கிருந்து போன் வரும்.